கூடுதலாக வந்த ஹீலியம்

இன்று காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், எதிர் சீட்டில் டேவிட். எழுபதுகளில் இருவரும் ஒரே இயற்பியல் லேபில் ஆராய்ச்சி மாணவர்கள்.

ஐம்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

லேபில் திரவ ஹீலியம் கொதித்து வாயுவாகிவிடும். அதை வீணாக்காமல் குழாய் வழியே அறையளவு ரப்பர் பையில் பிடித்து, மறுபடி திரவமாக்குவோம். போனதைவிடத் திரும்பி வருவது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன் எல்லா ஹீலியம் பாத்திரமும் காலி. பை தரையில் துவண்டு கிடந்தது. வால்வுகளை மூடிப் பூட்டியது நான். சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே.

நாலு நாள் கழித்துத் திறந்தால், பை உப்பிக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்று புகுந்திருக்கும் என்று சோதித்தோம். சுத்தமான ஹீலியம்.

"நீதானே மச்சான் வெளியிலிருந்து ஹீலியம் சிலிண்டர் கொண்டுவந்து திறந்துவிட்ட?" என்றேன்.

டேவிட் முகம் வெளுத்தது. "நானா? நீன்னு நெனச்சுத்தான்டா இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்."



அந்த ஹீலியத்தில்தான் என் ஆய்வையே முடித்தேன். தீசிஸின் நன்றியுரையில் யார் பெயரை விட்டுவிட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.