கால் பங்குக் கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். எனக்கு எதிரே தினமும் ரயில்வேயில் வரைபடம் வரைபவர் ஒருவர் உட்காருவார். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. யோசிக்கும்போது பென்சிலை மீசையில் உருட்டிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அவர் மடியில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. சென்னையில் ஒரு கணிதப் பேராசிரியருக்கு அனுப்பப்போவதாகவும், ஓராண்டு உழைப்பு என்றும் சொன்னார்.

“என்ன கணக்குண்ணே?”

“ஒரு வளைகோடு தம்பி. ரெண்டு நுனியும் தரையில இருக்கு. சரிவு எங்கயும் ஒண்ணைத் தாண்டாது. அதுக்கடியில எவ்வளவு பரப்பு அடங்கும்? ரெண்டு நுனிக்கும் நடுவுல இருக்கிற நீளத்தோட வர்க்கத்துல கால் பங்குக்கு மேல போகாதுன்னு நிரூபிச்சேன். அதையும் குறைக்கலாம்னு இதுல எழுதிருக்கேன்.”

பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியதும், நில அளவைக்காரர்கள் அடித்திருந்த கூடாரம் ஒன்று ஜன்னலில் தெரிந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

“அட, கூடாரம்! சரிவு ஒண்ணாவே நேரா ஏறுது, அதே சரிவுல நேரா இறங்குது. பரப்பு சரியா கால் பங்கு வருது லா! இதைக் குறைக்கவே முடியாது!”

உறையை நான்காகக் கிழித்தார். நான் பதறிப்போனேன்.

“ஒரு வருஷ உழைப்பாச்சே அண்ணே!”

“அனுப்பியிருந்தா தப்பாப் போயிருக்குமே தம்பி! கால் பங்குதான் எல்லைன்னு இப்பத்தான் கணக்கு முடிஞ்சுது!” கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கோலாலம்பூரில் இறங்கியதும், வாசலில் பயணிகளிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த பஞ்சாபிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, “குறையாது சார்!” என்றார். ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

அந்தக் கணக்கு எனக்கு இன்றும் சரியாகப் புரியாது. தான் சொன்னது பொய்த்ததை அப்படிக் கொண்டாடிய ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.