ஜெல் பெட்டியும் கூறைப்புடவையும்

இன்று காஞ்சிபுரத்திலிருந்து சென்னை பஸ்ஸில், கூறைப்புடவை வாங்கித் திரும்பும் குடும்பத்தோடு உட்கார்ந்தேன். புடவை கல்யாணப் பெண்ணின் அத்தை மடியில்.

என் ஐஸ் பெட்டியைக் காட்டி, “இன்னாமா அது?” என்றார் பெண்ணின் அம்மா.

“ஜெல்லுங்க. லேப்ல இதுல கேன்சர் செல் கலந்து, மெஷின்ல குட்டிக் கட்டியா பிரிண்ட் பண்ணுவோம். மருந்த அதுல சோதிப்போம்.”

“கல்யாணப் பொடவ வச்சிக்கினு இருக்கோம். நீ பின்னால போய் உக்காரும்மா.”

எழுந்தேன்.

“எனக்கும் அதே நோய்தான வந்துச்சு அண்ணி. இந்தப் பொண்ணு இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் அத்தை.

அண்ணி, அத்தை மடியிலிருந்த புடவையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

லேபுக்கு வந்து கட்டிகளை அச்சடித்தேன். சூடு குறையாமல், வேளைக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த வீட்டில் அத்தையாக இருப்பதைவிட எங்கள் லேபில் கட்டியாக இருப்பது மேல். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.