விலாசம் இதுதானே சார்?

எங்கள் ஆபீஸில் அக்காவுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினேழு வருஷம் பேசியவர். காது மந்தமான மாமனாரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி வந்த குரல் அது என்பார். ஒரு தடவை சொன்னால் போதும், எதிர்முனையில் யாரும் "என்னது?" என்று கேட்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களை மேனேஜர் அவர் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தார், நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

வேலை இதுதான். நெட் வரவில்லை என்று ஒருவர் கூப்பிடுவார். போன் நம்பரைத் தட்டினால் அவர் ஜாதகமே திரையில் வந்து விழும். பேர், வீடு, மாடி, வீட்டில் எத்தனை போன், எந்த நேரத்தில் எதைப் பார்த்தார்கள் என்பது வரைக்கும். ஒரு அழைப்புக்குத் தொண்ணூறு விநாடி. தாண்டினால் திரையின் ஓரம் சிவக்கும், சாயங்காலம் மேனேஜர் முகமும் சிவக்கும். கூப்பிடுகிறவரையே விலாசம் சொல்லச் சொன்னால், "அந்த மருந்துக்கடை சந்து இருக்கில்ல, அதுல இல்ல, அதுக்கு அடுத்தது" என்று புராணம் பாடுவார். அதனால் நாங்களே விலாசத்தை வாசித்து, "இதுதானே சார்?" என்று கேட்டுவிடுவோம். "ஆமா" என்பார். சரிபார்த்தாகிவிட்டது. திருடனிடம் சாவியை நீட்டி, "உங்களோடதுதானே?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இருபத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவுக்கு ஒரு ஆள் கூப்பிட்டான். மனைவி பேரில் இணைப்பாம், வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறதாம், இவன் ஆபீஸில் இருக்கிறானாம். நம்பரைச் சொன்னான். அக்கா கதவு எண், மாடி, தெரு, எதிரே இருக்கும் தையல்கடை எல்லாவற்றையும் வாசித்தார். "இதுதானே சார்?" எழுபது விநாடியில் முடிந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, "எவ்வளவு மரியாதையா பேசுறான் பாரு" என்றார். அந்த அழைப்பு என் ஹெட்போனில் விழுந்திருந்தால் நானும் வாசித்திருப்பேன், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை டீ குடிக்கக் கீழே இறங்கினோம். வாடிக்கையாளர் கவுன்டரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பெண் குழந்தை. சத்தம் போடாமல் மேனேஜரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் விலாசத்த யார்கிட்ட சொன்னீங்க?"

அடிக்கிற புருஷனை விட்டு வந்து எட்டு மாசம். வேலையை மாற்றி, ஊர்க்கோடியில் வீடு பிடித்து, கூடப் பிறந்த தங்கையிடம்கூட விலாசம் சொல்லவில்லை. போன் நம்பர் எப்படியோ அவன் கைக்குப் போய்விட்டது. வெறும் நம்பரை வைத்து என்ன செய்துவிடுவான் என்று இருந்திருக்கிறாள். வீடு தெரிந்தது இரண்டே பேருக்கு. வீட்டுச் சொந்தக்காரருக்கும் எங்களுக்கும். புதன்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். போலீஸில், "அவளேதான் விலாசம் சொல்லி வரச் சொன்னா" என்று சொல்லிவிட்டான். பத்து நாளில் கோர்ட். அவன் ஏமாற்றித்தான் விலாசம் வாங்கினான் என்று காட்டினால், அவளை நெருங்கக் கூடாது என்று தடை வாங்கலாம். காட்டாவிட்டால் அவன் சொன்னதுதான் நிற்கும்.

"எல்லா காலையும் ரெக்கார்ட் பண்றோம்னு சொல்றீங்கல்ல? அத மட்டும் குடுங்க."

மேனேஜர் குரலைக் குழைத்துக்கொண்டார். "அப்படிக் குடுக்க முடியாதும்மா. கூப்பிட்டவரோட பிரைவசின்னு ஒண்ணு இருக்கில்ல?"

அடப்பாவி. எந்தத் தெருவில் யார் கடன் தேடுகிறார்கள், யார் கருத்தடை மாத்திரை தேடுகிறார்கள், யார் புது வேலை தேடுகிறார்கள் என்று மாசா மாசம் பட்டியல் போட்டு விளம்பரக்காரர்களுக்கு அனுப்புகிற கை அது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த மாட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறதாம்.

அக்கா டீ டம்ளரைக் கவுன்டரில் வைத்தார். "நான்தாம்மா சொன்னேன்."

"நீங்க மேல போங்க," என்றார் மேனேஜர்.

"செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்துக்கு ஒரு ஆள் கூப்பிட்டான். நான்தான் வாசிச்சேன்."

அந்தப் பெண் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எத்தனாவது மாடின்னு கூடவா?" என்று கேட்டாள்.

"அதையும் சொன்னேன்."

திங்கட்கிழமையிலிருந்து அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார். "விலாசத்த நீங்க சொல்லுங்க சார்" என்பார். திரை நாள் முழுக்கச் சிவந்தே கிடந்தது. "பத்து வருஷ கஸ்டமர், என்னையே யாருன்னு கேக்கறியா?" என்று எகிறினார்கள். ஒரு ஆளுக்குத் தன் வீட்டுக் கதவு எண்ணே தெரியவில்லை, சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கேட்டான். மேனேஜர் இரண்டு மெமோ கொடுத்தார். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கோர்ட்டில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று நல்லவிதமாகச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டே இருந்தோம். நானும் வாசித்தேன்.

வீட்டில் அக்காவின் புருஷன், "யாரோ ஒருத்திக்காக நம்ம சோத்துல மண்ணப் போட்டுக்கணுமா?" என்றாராம். மாமனாருக்கு அக்கா கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்ல, தெருவுக்கே தெரிந்துபோனது. கிழவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கை சேந்துருச்சா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

கோர்ட்டுக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பதிவுகள் ஏழு நாளில் தானாக அழிந்துவிடும் என்று கம்பெனி ஒரு காகிதம் கொடுத்தது. நான் சேர்ந்தபோது, அதற்கும் நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவைப் போட்டுக் காட்டித்தான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி, தேதி, நேரம், அவன் சொன்னது, தான் வாசித்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். போலீஸ் எடுத்து வந்த அவன் போன் பட்டியலில் அதே நாள், அதே பதினொன்று பத்து, எங்கள் நம்பர், எழுபது விநாடி. தடை கிடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அக்காவை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் போனில் வந்துவிட்டது. காரணம், அழைத்தவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டது. ஒரு பெண்ணின் வீட்டைக் காட்டிக் கொடுத்ததற்குப் பதினேழு வருஷம் சம்பளம் கொடுத்தவர்கள், காட்டிக் கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டதற்குத் துரத்திவிட்டார்கள்.

கடிதம் வருவதற்கு முன்னால், கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். வேறு வீடு பார்த்தாகிவிட்டது என்றாள். நன்றி என்றும் சொன்னாள். அக்கா குழந்தையைப் பார்த்துக் குனிந்து, எல்லோரும் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி, "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

குழந்தை சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தது. அம்மா மாவுக்கட்டுக் கையாலேயே அந்த வாயைப் பொத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

"இல்லம்மா. பொத்துங்க. யார் கேட்டாலும் பொத்துங்க," என்றார் அக்கா.

அவர்கள் படியிறங்கிப் போகும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.