பதினைந்து சதவீதம்

அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்று பட்டப்பெயர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விடமாட்டாள். பங்குத் தரகு நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒரே வேலை: ஒரு கம்பெனியின் பங்கு உண்மையில் என்ன பெறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது.

சந்தை சரியத் தொடங்கி மூன்றாவது வாரம், மேனேஜர் அவள் மேஜைக்கு வந்தார். மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கு, ஆயிரத்து முந்நூறிலிருந்து எழுநூறுக்கு இறங்கியிருந்தது.

"பாதி விலைக்கு வந்துடுச்சு. வாங்கலாம்னு எழுதிடுங்க."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

ஆறு நாள் பார்த்தாள். வருஷாந்திர அறிக்கையின் அடிக்குறிப்புகளைத் துருவினாள். பெரிய வாடிக்கையாளர்கள் என்று போட்டிருந்த மருத்துவமனைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். மூன்று இடங்களில் ஒரே பதில்: "அந்த சாஃப்ட்வேரை நிறுத்தியாச்சும்மா." வருமானம் இனி வருஷத்துக்கு ஏழு சதவீதம் வளர்ந்தாலே பெரிது. அப்படிப் போட்டால் பங்கின் நியாய விலை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது காசு. எழுநூறும் அதிக விலைதான்.

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். "ஏழு சதவீதத்தைப் பதினஞ்சு ஆக்குங்க."

"பதினஞ்சு எங்கேர்ந்து சார் வரும்?"

"சந்தை எழுந்தா தானா வரும். அந்தக் கம்பெனி அடுத்த மாசம் நம்ம மூலமாத்தான் நிதி திரட்டுது, நமக்குப் பெரிய கமிஷன். இந்த மாடியில பாதிப் பேரை அனுப்பப் போறாங்க, தெரியும்ல? உங்க இஷ்டம்."

அவளுடைய கணவர் வேலையிழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள், மூன்று மணிக்கு ஏழு என்பதை அழித்துவிட்டுப் பதினைந்து என்று தட்டினாள். கண் சிமிட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் எண்ணூற்று எண்பதைக் காட்டியது. அறிக்கை அவள் பெயரில் வெளியானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி அச்சகத்தில் இருபது வருஷம் உழைத்தவன். அது மூடியபோது கையில் கொடுத்த மொத்தப் பணத்தையும் அந்தப் பங்கில் போட்டிருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடா?"

"கேக்க என்ன இருக்கு? கீழே உன் பேர் போட்டிருந்துச்சு. நீ அரை பைசாவுக்கு அரை நாள் உக்காருவியே!"

"நாளைக்குக் காலையில முதல் வேலையா வித்துடு. இப்ப வித்தா பெருசா நஷ்டம் இல்ல."

"ஏன்?"

"வித்துடுன்னா வித்துடு."

"அப்போ வாங்கலாம்னு ஏன் எழுதுன?"

தம்பியின் மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்தாள். அங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சந்தை சரியில்ல, அதான்" என்றாள்.

தம்பி சிரித்தான். "எழுதும்போது யோசிச்சு எழுதியிருக்க. இப்ப எனக்காகப் பயப்படுற. நான் யோசிச்சு எழுதினதையே நம்பிக்கறேன், போ."

அவன் விற்கவில்லை. நான்கு மாதத்தில் பங்கு முந்நூற்று எண்பதுக்கு வந்தது. அவள் முதலில் போட்ட கணக்கைவிடவும் கீழே.

ஒருநாள் மாலை தம்பி வீட்டு வாசலில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஏழு, பதினைந்து, மேனேஜர், எல்லாம். தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அன்னிக்கு இவ காய் நறுக்கிட்டிருந்தப்போ உனக்கு இது தெரியும், இல்ல?"

அவள் தலையாட்டினாள். அவன் உள்ளே போய்விட்டான்.

மேனேஜருக்குப் பதவி உயர்வு. அவளையும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். தம்பி இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போகிறான்.

சமாதானம் பேசக் கிளம்பியவளைத் தம்பி மனைவி போனில் தடுத்தாள். "கோபமெல்லாம் இல்ல அண்ணி. நீங்க வந்துட்டுப் போனா அவருக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அவள் அப்படிச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.