டம்ளரில் உருகிய மெழுகு

வேதியியலில் பட்டம் வாங்கியும், வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே மெழுகு என்று நம்பிய அறிவாளி நான். அந்த அறிவோடுதான் குளத்தூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழாய் ஆலையில் சரக்கு வாங்கும் அதிகாரியாக இருந்தேன்.

குழாய் சூடான அச்சில் ஒட்டாமல் வழுக்கி வர, பாலிஎதிலீன் மெழுகு கலப்பார்கள். கலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் புருவம் நரைத்த, ஒல்லியான மனிதர். புது மூட்டை வந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் நாலைந்து மெழுகு மணிகளைப் போட்டுக் குனிந்து பார்ப்பார். நல்ல மெழுகு அந்தச் சூட்டுக்கு உருகாது.

நான் மலிவாகப் பிடித்த மெழுகு எண்ணெயாக மிதந்தது.

"உருகுது சார். இது வேணாங்க, அச்சுல ஒட்டிக்கிரும்."

"பாயசம் காய்ச்சினது போதும்ணே, கலவையப் போடுங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு அதுவரை அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

மறுநாள் குழாய் அச்சில் ஒட்டிக் கருகியது. அதைச் சுரண்டப் போன அதே மனிதரின் வலக்கையில் கொதிக்கும் பிளாஸ்டிக் பீறிட்டு அப்பியது. புண் ஆறிய பிறகும் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, வெந்நீர் டம்ளரில் புது மணிகளைப் போட்டு நானே எடுத்துப் போனேன்.

"இனிமே நீங்க சொல்றதத்தான் வாங்குவேன். பாத்துச் சொல்லுங்கண்ணே."

இடக்கையால் வாங்கிக்கொண்டாரே தவிர, அவர் டம்ளருக்குள் பார்க்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேன் சார்."