டின்பாலில் வந்த தமிழ் எழுத்து

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீருக்கு டின்பால் ஊற்றினார்கள். அந்த இனிப்பு வாசனையில், ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா என் தம்பிக்குப் பால் கரைத்தது நினைவுக்கு வந்தது.

பிரசவக் காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கொழுப்பு நீக்கிய டின்பால்தான் மலிவு. அதை வெந்நீரில் கலந்து சங்கில் புகட்டினாள். தம்பி ஆசையாகத்தான் குடித்தான். ஆனாலும் மெலிந்துகொண்டே வந்து, நடக்கப் பழகுமுன் போய்விட்டான். அதன்பின் அம்மா யாரிடமும் அதிகம் பேசவில்லை. வீட்டில் நான் தனியாகவே விளையாடினேன்.

சில வருஷம் கழித்து, அரசாங்க உத்தரவால் அதே டின்னில் தமிழிலும் எதையோ அச்சடித்திருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது; பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னிடம் டின்னை நீட்டினாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"இந்தப் பால் கைக்குழந்தைகளுக்கு ஆகாதுன்னு போட்டிருக்கும்மா."

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"இதை முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

பிறகு டின்னை எடுத்துக்கொண்டு, கைக்குழந்தை இருந்த வீடுகளுக்கெல்லாம் என்னை அழைத்துப்போய் உரக்கப் படிக்கச் சொன்னாள். திரும்பும் வழியில், "இருந்திருந்தா துரைராசு உன் தோளுக்கு வளந்திருப்பான்" என்று அழுதாள். தம்பி போனபின் அன்றுதான் அவன் பெயரைச் சொன்னாள்.

இன்று அந்தப் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.