அம்மாவின் தோளும் என் மலாயும்

நான்காம் வகுப்பில் மலாய்ப் பாடத்தில் நான் முதலாவதாக வந்தேன். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அந்த வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். அப்பா அந்த ஒன்பதை யாரிடமும் சொல்லவில்லை. மகள் முதலாவது என்பதை மட்டும் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

எங்களுடையது கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். குலை வெட்டும்போது சிதறும் பழங்களைப் பொறுக்குவது அம்மாவின் வேலை. ஒரு மழை நாளில், ஆட்களை ஏற்றிவந்த லோரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, வலது தோளுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூடியது. ஆனால் கட்டைப் பிரித்த பிறகு கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்ல மனிதர்தான். வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். “அடுத்த மாசம் வரைக்கும் உங்க பேரு இருக்கும்மா. அதுக்கப்புறம் வேற ஆள் போடச் சொல்லிருவாங்க. என் கையில ஒண்ணுமில்ல.”

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். அம்மாவை முன்பக்கம் குனியவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, வட்டமாகச் சுற்றச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே மேலே நகர்த்தச் சொன்னார். ஒவ்வொன்றும் பத்து முறை. செய்து காட்டிய வரைக்கும் எனக்கு எல்லாம் புரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி வேகமாக ஏதோ சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் என்னிடம் ஏதாவது கேள்வி கேட்டால் பிழையில்லாமல் பதில் சொல்லவேண்டுமே என்று, மனத்துக்குள் ஒரு மலாய் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்தி, “ஃபஹாம்?” என்றார். புரிந்ததா என்று ஒரே ஒரு சொல். நானும் “ஃபஹாம்” என்றேன். நான் கோத்து வைத்த வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“கடைசியா என்னம்மா சொன்னாங்க?” என்று வீட்டில் அப்பா என்னைக் கேட்டார்.

என் காதில் தங்கியிருந்தவை மூன்று சொற்கள்தான். ஜாங்ஙான் என்றால் கூடாது. சாக்கிட் என்றால் வலி. பெர்ஹெந்தி என்றால் நிறுத்து. மூன்றையும் சேர்த்து நானே ஒரு வாக்கியம் செய்தேன்.

“வலிச்சாலும் நிறுத்தக் கூடாதாம்பா.”

மறுநாளிலிருந்து காலையிலும் மாலையிலும் பயிற்சி நடந்தது. அப்பா பக்கத்தில் நின்று உரக்க எண்ணுவார். ஆறாவது சுற்றிலேயே அம்மாவின் நெற்றி வியர்த்துவிடும். எட்டில் பற்களுக்கு இடையிலிருந்து ஒரு சத்தம் வரும். “இன்னும் ரெண்டுதான். பாப்பா சொல்லிச்சுல்ல, நிறுத்தக் கூடாது” என்பார் அப்பா. ஒரு வாரத்தில், அம்மா என் தலையை வாரும்போது சீப்பு பாதியிலேயே நின்றது. இரண்டாம் வாரம் தோள் வீங்கி, ரவிக்கையின் வலது கை மட்டும் இறுகிப் பிடித்தது. வலி இருந்தால்தான் சரியாகும் என்று அப்பா நம்பினார். நானும் அப்படியே நம்ப முயன்றேன்.

ஒருநாள் பள்ளித் திடலில் நாங்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடியபோது மலாய் ஆசிரியர் குரல் கொடுத்தார். “ஜாங்ஙான் தோலாக்! பெர்ஹெந்தி!” தள்ளாதே, நில். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ‘கூடாது’ ஒரு பேச்சு, ‘நிறுத்து’ வேறொரு பேச்சு. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்லியிருப்பாரோ? எதையோ செய்யக்கூடாது என்றும், வலித்தால் நிறுத்து என்றும் சொல்லியிருந்தால்?

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா மண்டோரிடம்கூட, “எம் பொண்ணுதான் மலாய்ல பேசி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்துச்சு” என்று சொல்லியிருந்தார். அதனால் வேறொரு வழி பிடித்தேன். “நான் எண்றேன்பா” என்று எண்ணும் வேலையை வாங்கிக்கொண்டு, ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பத்து என்று தாவினேன். அப்பா வெளியே அரிவாள் தீட்டிக்கொண்டிருப்பார். அவர் காதில் பத்து மட்டும் விழுந்தால் போதும். அம்மா குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார். நான் எங்கே பத்து என்கிறேனோ அங்கே நிமிர்ந்துவிடுவார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் தோளைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். வலுக்கட்டாயமாகச் செய்யச் சொன்னது யார் என்று மலாயில் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஜாங்ஙான் பக்சா. கலாவ் சாக்கிட், பெர்ஹெந்தி” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வலுக்கட்டாயம் கூடாது, வலித்தால் நிறுத்து. இம்முறை ஒரு சொல்கூடத் தவறாமல் என் காதில் விழுந்தது.

அம்மாவிடம் தமிழில் சொன்னேன். “நான்தாம்மா தப்பா சொல்லிட்டேன். வலிச்சா நிறுத்தணுமாம்.”

அம்மா இடது கையால் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, “புடாக் தா சாலா. சாயா சாலா டெங்கார்” என்றார். பிள்ளைமேல் தப்பில்லை, நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன்.

அம்மா மலாய் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை. எங்கள் தோட்டத்துக் கடைச் சீனர்கூடத் தமிழில்தான் பேசுவார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு, நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

வீக்கம் வடியவே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் மண்டோர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து நாற்றுமேடையில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. கை காதுவரை எழுந்தது. அதற்குமேல் கடைசிவரை எழவில்லை.

அம்மா மலாய் பேசிய அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “உங்களுக்கு மலாய் தெரியுமாம்மா?”

“கொஞ்சம்லா. கல்யாணத்துக்கு முன்னாடி சுங்கை பெசார்ல ஒரு மலாய்க்காரங்க வீட்டுல வேலை செஞ்சேன்.” பிறகு, “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பேசாம இரு” என்றார்.

அப்பாவிடம் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நானாகச் சொல்லும்வரை அம்மாவுக்கு என் தப்பு தெரியாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். முதல் நாள் அந்தப் பெண் பேசியபோது அம்மாவும் என் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.